மூன்று முழத்துக்கு ஒரு கனகாம்பரம்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கொண்டையிலிருந்து. ஏறக்குறைய பத்து நாள் இதைத் தலையில் வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போய் வந்தேன், காய் வாங்கினேன், திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியும் சாப்பிட்டேன். தலையில் இருப்பது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

என் பெயர் ஷாஹீதா. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு டைப்பிங் சென்டரில் முப்பது வருஷமாக வக்கீல்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு வேலையிலும் கொஞ்சம் பொய் கலக்கும். இந்தக் கதையில் கலக்கக் கூடாது என்று ஒருத்தி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அவள் நாகஜோதி, என் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண். பூக் கட்டுவது அவள் தொழில்.

காலையில் பூக்கடைக்காரர் மல்லிகை மொட்டைக் கிலோக் கணக்கில் இறக்கிவிட்டுப் போவார். சாயங்காலத்துக்குள் கட்டிச் சரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து எனக்கு ஒரு முழம் வந்துவிடும். சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்த முழத்தில் ஒற்றைக் கனகாம்பரம் இருந்தது. அம்புட்டு வெள்ளைக்கு நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சு. மறுநாளும் இருந்தது, ஆனால் ஓரத்தில். அதற்கு மறுநாள் வேறு இடத்தில். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படியில் நின்று கேட்டேன்.

“என்ன நாகு, கதம்பமும் இல்லாம மல்லியும் இல்லாம இது என்ன கணக்கு? கலருக்கு ஒண்ணு வச்சா அக்கா குளுந்துருவான்னு நினைச்சியா?”

“கடைக்காரரு அந்தத் துண்ட வேண்டாம்னுருவாரு அக்கா. அதான் நறுக்கி ஒண்ண ஒங்களுக்குக் குடுக்குறேன்.”

“அது சரி. எதுக்குச் சொருகுற?”

“அந்த எடத்துல வயிறு இறுகுச்சு,” என்றாள்.

அவளுக்கு அப்போது இருபத்தேழாவது வாரம். என் கை தானாகக் கொண்டைக்குப் போனது. அன்றைய கனகாம்பரம் அங்கேதான் இருந்தது. ஒரு பெண்ணின் கருப்பை இறுகிய நிமிஷத்தை நான் பத்து நாளாகத் தலையில் சூடிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. உடனே இதை எழுத வேண்டும் என்றும் தோன்றியது. அந்த மூன்றாவதுதான் பின்னால் வம்பில் கொண்டுபோய் விட்டது.

2

தொடக்கங்கள்.

மல்லிகை மணக்கும் மதுரை மாநகரில்—

வேண்டாம். இது லாட்ஜ் விளம்பரம்.

கருப்பை என்பது ஒரு தசை. கர்ப்ப காலம் முழுவதும் அது அவ்வப்போது—

இது சுகாதார நிலையத்தில் சுவரில் ஒட்டுகிற தாள்.

நாகஜோதி அப்பளம் உருட்டிக்கொண்டிருந்தாள்—

இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். மதுரைக் கதை என்றால் மல்லிகை வந்தே தீரும் என்பதில் எனக்கு எரிச்சல் உண்டு. இந்த ஊரில் நாங்கள் சாக்கடையும் அடைப்பெடுக்கிறோம், ஜெராக்ஸும் எடுக்கிறோம். அதனால் அவளை அப்பளம் உருட்டுகிறவளாக மாற்றிப் பார்த்தேன். பிறகு ஊதுபத்தி. பிறகு தையல். ஒன்றும் சரிவரவில்லை. அப்பளத்தை அடுக்கிவிட்டால் எது முன்னால் உருட்டியது, எது பின்னால் என்று தெரியாது. பூச்சரத்தில்தான் காலையிலிருந்து மாலை வரை நேரம் ஒரே நூலில் வரிசையாகக் கிடக்கும். எனவே, வாசகரே, மல்லிகை இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

(“வாசகரே” என்று கூப்பிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். நீங்கள் என்ன வயசு, உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா, இதை எந்த மாதத்தில் படிக்கிறீர்கள், ஒன்றும் தெரியாது. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.)

3

நாகஜோதிக்கு இருபத்தாறு வயசு. புருஷன் ஜெயபாண்டி, மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையிலிருந்து தூத்துக்குடிக்குக் கல் ஏற்றிப்போகிற லாரி டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இருபத்தைந்தாவது வாரத்தில். நாலு மணி நேரம் இருந்தது.

“வலிச்சிருந்தா போயிருப்பேன் அக்கா. வலிக்கவே இல்ல. இறுகி இறுகி விட்டுச்சு. புள்ள புரளுதுன்னு நெனச்சு நாளெல்லாம் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.”

இதைச் சொல்லும்போது அவள் கை பூவை எடுத்துக்கொண்டேதான் இருந்தது. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூல் ஒரு சுற்று.

இந்த முறை டாக்டர் அவளிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். எப்போதாவது இறுகினால் பயப்படாதே, தண்ணீர் குடி, இடப்பக்கம் படு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் என்று வர ஆரம்பித்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே வா. ஜெயபாண்டி போனில் ஒரு ஆப் இறக்கிக் கொடுத்தான். இறுகும்போது ஒரு தரம் தொட வேண்டும், விடும்போது ஒரு தரம் தொட வேண்டும்.

“ரெண்டு கையும் பூவுல இருக்கு. ஈரக்கை வேற. மூணாவது கைக்கு நான் எங்கிட்டுப் போறது?” என்றாள் நாகஜோதி. அது போக, அந்த ஆப் கண்ட நேரத்தில் சிவப்பாகி ஆஸ்பத்திரிக்குப் போ என்று அலறியதாம். அழித்துவிட்டாள்.

அப்புறம்தான் கனகாம்பரம். வயிறு இறுகும்போது மல்லிக்குப் பதில் ஒரு கனகாம்பரத்தை வைத்து முடிச்சுப் போடுவாள். சரத்தை நறுக்குவதற்கு முன்னால் கனகாம்பரத்துக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவில் எத்தனை முழம் என்று கையால் அளந்துகொள்வாள். ஒரு மத்தியானம் என் போனை வைத்துக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்தில் அவள் கட்டியது சரியாக மூன்று முழம். மறுபடி பார்த்தோம். மூன்று முழம். மூன்றாம் தரமும் அதேதான்.

“அப்ப மூணு முழத்துக்குக் கொறையக் கூடாது,” என்றாள்.

நாள் முழுக்க ஏழெட்டுக் கனகாம்பரம்தான் விழுந்தது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இருபது முழம், முப்பது முழம். சாயங்காலம் அவள் தன் கையால் அளக்கிற அளவு எனக்குக் கீழ்வீட்டில் கேட்கும். “பதினொண்ணு... பன்னண்டு...” மூன்றைத் தாண்டியவுடன் குரலில் ஒரு தெம்பு வரும். நானும் கீழே அடுப்படியில் நின்றபடி கூடவே எண்ணுவேன்.

4

[இந்தப் பகுதியில் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுதத்தான் நான் உட்கார்ந்ததே.]

“வருது அக்கா. தொட்டுப் பாருங்க.”

என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. ஊறிய மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. பிறகு என் உள்ளங்கைக்குக் கீழே, மேலிருந்து ஆரம்பித்து, அது திரண்டது. வயிறு முழுவதும் ஒரு பக்கமாகக் கூடி, லேசாகக் கூம்பி, முற்றின தேங்காய் மாதிரி கெட்டியானது. அழுத்திப் பார்த்தால் விரல் இறங்கவில்லை. நாகஜோதி பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்து அறையில் யாரோ நடமாடுவதைக் கேட்கிறவள்போலத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது நொடி இருக்கும். வந்த மாதிரியே இளகிப் போனது. உள்ளேயிருந்து ஒரு சின்ன உதை வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசு. நான் இரண்டு பெற்றவள். (இரண்டும் தேதி தாண்டிப் பிறந்தவை. இன்று வரைக்கும் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை.) என் வயிறும் இப்படித்தான் இறுகியிருக்கும். அப்போது எனக்கு அலுப்பாகவும் மூச்சுமுட்டலாகவும் இருந்ததே தவிர, இது என்ன என்று ஒரு தரம்கூட நின்று பார்த்ததில்லை. யாரும் அந்த வயிற்றுக்கு உத்தரவு போடவில்லை. நாகஜோதியைக் கேட்டுக்கொண்டு அது வரவில்லை, அவள் சொல்லி நிற்கப்போவதும் இல்லை. அவள் பூக் கட்டுகிறாள், ரசத்துக்குப் புளி கரைக்கிறாள், லாரியில் இருக்கிற புருஷனோடு சண்டை போடுகிறாள். அந்தத் தசை தன் பாட்டுக்கு அதற்கு மட்டும் தெரிந்த ஒரு நாளுக்காக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்ல. படைச்சவன் பெரியவன்னு சொன்னேன்.”

“அது இருக்கட்டும். அவன்கிட்ட இன்னும் பத்து வாரம் கேளுங்க,” என்றாள்.

* ஒரு குறிப்பு: இதைப் பொய் வலி என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. என் கையில் தட்டுப்பட்டதில் பொய் எதுவும் இல்லை.

* இன்னொன்று, டாக்டர் சொன்னது. உள்ளே காற்றே கிடையாது. இருந்தும் பிள்ளை மார்பை ஏற்றி இறக்கி மூச்சு விடப் பழகுகிறது. தண்ணீரை இழுத்துத் தண்ணீரை விடுகிறது. இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

5

வைகாசி வளர்பிறையில் பெரிய முகூர்த்தம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பூ வந்து இறங்கியிருந்தது. நாகஜோதிக்கு முப்பத்தோராவது வாரம். அவள் அம்மா சோலையம்மாள் மேலூருக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தாள். காலை பத்து மணிக்கு மேல் வயிறு அடிக்கடி இறுக ஆரம்பித்தது. மகள் முகத்தைப் பார்த்த சோலையம்மாள், “சீரகத்தத் தட்டிப் போட்டுக் கசாயம் வச்சுத் தாரேன். சூட்டு வலின்னா குடிச்சதும் நின்டுபோகும்,” என்று அடுப்பைப் பற்ற வைத்தாள். அந்தக் கிழவியின் பேச்சைக் கேட்டு அவர்கள் நாலு மணி நேரத்தை வீணாக—

இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். இதுவரை வந்தது முதல் பிரதி. இதில் சோலையம்மாளைத்தான் குற்றவாளியாக வைத்திருந்தேன். ஊர்க்காட்டு அம்மா, கசாயம், தாமதம்: யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டைப் அடித்துப் படித்துப் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. பிறகு நாகஜோதியிடம் படித்துக் காட்டினேன்.

“எங்கம்மா எப்பக்கா அப்படிச் சொன்னுச்சு?” என்றாள். “கசாயத்த ஆட்டோவுல குடிச்சுக்கலாம் கெளம்புன்னுல சொன்னுச்சு. வேணாம்னு சொன்னது நாமதான.”

நாம் என்று சொன்னது அவள் பெருந்தன்மை.

நடந்தது இது. சோலையம்மாள் ஒரு கையில் கசாயமும் ஒரு கையில் ஆஸ்பத்திரி நோட்டுமாக வந்து நின்றாள். நாகஜோதி அசையவில்லை. “மூணரை முழம் இருக்கும்மா. மூணுக்குக் கொறையல. முகூர்த்தப் பூவ இப்படியே போட்டுட்டு எப்படிப் போறது?” என்றாள். சோலையம்மாள் என்னைப் பார்த்தாள். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, நானும் மாடியில்தான் உட்கார்ந்திருந்தேன். படித்தவள், கணக்குத் தெரிந்தவள் என்று அவளுக்கு என் மேல் ஒரு மரியாதை.

“நீங்க சொல்லுங்க தாயி.”

நான் சரத்தை எடுத்து, என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு அரை. “மூணரை இருக்குதே,” என்றேன். அடுத்ததையும் அளந்தேன். அதுவும் மூன்றரை. சோலையம்மாள் கசாயத்தை மூடி வைத்தாள்.

இரண்டரை மணிக்கு நாகஜோதி கையை உதறிக்கொண்டு, “முடிஞ்சுருச்சு,” என்றாள். கூடையில் கையளவு மொட்டுதான் மிச்சம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய வழக்கமான வேகத்துக்கு அந்தப் பூ நாலரைக்கு முன்னால் முடியக் கூடாது.

டைப்பிங் பரீட்சைக்குப் பெண்களைத் தயார்ப்படுத்துகிறவள் நான். பயந்த பெண்ணின் விரல் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷப் பாடத்தை ஏழில் அடித்து முடித்துவிட்டு மலங்க மலங்க விழிப்பாள். தான் வேகமாக அடித்தோம் என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது.

“நாகு, மிச்சத்தக் கட்டு,” என்று போனை எடுத்தேன். ஒரு முழம் கட்டினாள். இரண்டு நிமிஷம். பழைய கணக்குக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆக வேண்டும். அப்படியானால் மூன்றரை முழம் என்பது ஏழு நிமிஷம். காலையிலிருந்து ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம்.

அவள் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். “கை ஓடியிருக்கு அக்கா,” என்றாள். “நான் கவனிக்கவே இல்ல.”

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு மூன்று முழம் என்று கணக்குப் பண்ணின அதே மத்தியானம், எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரத்தை மாட்டிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் ஒன்று சும்மாவே கிடந்தது. மாட்டவில்லை. கடிகாரம் வந்துவிட்டால் கனகாம்பரம் போய்விடும், கனகாம்பரம் போனால் கதை போய்விடும் என்று நினைத்தேன். இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் நோட்டில் அந்தத் தேதியில் எழுதியிருக்கிறேன்: “கடிகாரம் வேண்டாம். இதுதான் அழகு.” என் கையெழுத்துதான். முப்பது வருஷத்தில் எத்தனையோ மனு அடித்திருக்கிறேன், இதைப்போல ஒரு வாக்குமூலத்தைப் பார்த்ததில்லை.

6

ஆட்டோவில் போனைப் பார்த்து எண்ணினோம். ஏழு. ஆறு. ஏழு. சோலையம்மாள் கசாயம் ஊற்றிய ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, மகளின் காலைத் தன் தொடை மேல் தூக்கிப் போட்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் கேட்டார். “எப்பலேருந்து? எத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா?”

“காலையிலேருந்து டாக்டர். மூணரை முழத்துக்கு ஒண்ணு,” என்றாள் நாகஜோதி பழக்கத்தில்.

நான்தான் மொழிபெயர்த்தேன். டாக்டர் ஒரு நிமிஷம் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டார். பரிசோதித்துவிட்டு வந்து சொன்னார். “கர்ப்பப்பை வாய் ஒரு விரல் அளவு திறந்திருக்கும்மா. முப்பத்தோரு வாரம். நுரையீரல் இன்னும் தயாராகல. அது சீக்கிரம் முதிர்றதுக்கு ஊசி போடுறோம். இப்ப ஒண்ணு, இருபத்துநாலு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. இறுக்கம் கொறைய மாத்திரை தாரோம். ரெண்டாவது ஊசி வரைக்கும் புள்ள உள்ள இருந்தா நல்லது. அதுக்கு மேல ஒவ்வொரு நாளும் நல்லது.”

முதல் ஊசி மூன்றே காலுக்குப் போட்டார்கள்.

பிறகு வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி ஒரு மெஷினில் இணைத்தார்கள். பாண்டிச்செல்வி என்ற நர்ஸ் ஒரு திருகைத் திருப்பினாள். அறை முழுவதும் அந்தச் சத்தம் நிறைந்தது. பழைய தையல் மெஷினை யாரோ ஓடவிட்டு நிறுத்த மறந்த மாதிரி, விடாமல், வெகு வேகமாக.

“நூத்தி நாப்பத்தெட்டு. தங்கமா இருக்கு,” என்றாள் பாண்டிச்செல்வி.

மெஷினிலிருந்து ஒரு தாள் வந்துகொண்டே இருந்தது. அதில் இரண்டு கோடு. மேல்கோடு பிள்ளையின் இதயம், நடுங்கி நடுங்கிப் போனது. கீழ்க்கோடு கருப்பை. சமதளமாகப் போய், மெல்ல ஏறி, ஒரு கரட்டுக் குன்று மாதிரி நின்று, இறங்கி, மறுபடி சமதளம். கரடு ஏறும்போது மேல்கோடு கொஞ்சம் துள்ளியது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவருக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. இன்னொருவர் ஒரு தசை. வாழ்நாளெல்லாம் தாளில் எதையோ அடித்துக்கொண்டிருக்கிறவளுக்கு அந்தத் தாளுக்கு முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

ஜெயபாண்டி பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தான். சட்டையெல்லாம் கல்தூள். வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள், வெளியே கேட்டருகில் நின்றான்.

“எம்புட்டு நேரமாகும் அக்கா?”

“நாளைக்கு மூணேகால் வரைக்கும் ஆகவே கூடாது தம்பி.”

அவன் தலையை ஆட்டினான். அப்புறம், “நான் என்ன செய்ய?” என்றான். எனக்கும் தெரியவில்லை. இளநீர் வாங்கி வரச் சொன்னேன். நாலு வாங்கி வந்தான்.

அன்றைய ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. கூட ஒருவர்தான் இருக்கலாம், சோலையம்மாள் இருந்தாள். மறுநாள் மூன்றேகாலுக்கு ஊசியோடு பாண்டிச்செல்வி உள்ளே போனதை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாகஜோதி ஒருக்களித்துக் கையை நீட்டினாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

7

முடிவுகள்.

இறுக்கம் இப்போது குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை. திறந்தது திறந்தபடி இருக்கிறது. வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை பார்வையாளர் நேரம். நான் தினமும் போய் அன்றைக்கு எழுதியதைப் படித்துக் காட்டுகிறேன்.

முடிவு ஒன்று: இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் பனிக்குடம் உடைந்தது. ஒன்றேமுக்கால் கிலோவில் ஓர் ஆண் குழந்தை, கண்ணாடிப் பெட்டிக்குள்—

“நிறுத்துங்க,” என்றாள் நாகஜோதி. நிறுத்தினேன்.

முடிவு இரண்டு: ஆடி வந்தது. தேதி தாண்டவும் இல்லை, முந்தவும் இல்லை. மூன்று கிலோ. ஜெயபாண்டி லாரி ஆபீஸில் எல்லோருக்கும் லட்டுக் கொடுத்தான். சோலையம்மாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, “எம்புட்டு அவசரப்படுத்துனா, பாரு இப்ப தூங்குறத,” என்றாள்.

இதை அவள் விரும்புவாள் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டாள். 

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. நீங்க நாலு வரில தாண்டிட்டீங்க. அந்த ரெண்டு மாசத்த நான்ல இருக்கணும்.”

நோட்டை மூடினேன்.

முடிவு மூன்று: நாலு மணி நேரம் இருந்துவிட்டுப் போன அந்த முதல் குழந்தையை வைத்து ஒரு—

இதை அவளிடம் படிக்கவில்லை. எழுதின பக்கத்தைக் கிழித்து ஆஸ்பத்திரி வாசல் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

நான் பழகிய தொழிலில் முடிவை நோக்கித்தான் எல்லாமே போகும். முதல் பக்கம் முடியும்போதே கடைசிப் பக்கம் கையைப் பிடித்து இழுக்கும். நானும் இழுத்த இழுப்புக்குப் போகிறவள்தான், சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கிறவள். இந்தப் பெண் கண் விழித்ததிலிருந்து ஒரே ஒரு வேலை செய்கிறாள். முடியவிடாமல் இருக்கிறாள். அதுவும் செய்கிற மாதிரி தெரிகிற வேலை இல்லை. இடப்பக்கம் படுக்கிறாள். தண்ணீர் குடிக்கிறாள். இறுகும்போது என்னிடம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள், இளகியதும் விரலை மடக்குகிறாள். அது அவள் பேச்சைக் கேட்காது என்று தெரிந்தே அதனோடு குடித்தனம் பண்ணுகிறாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்க அனுமதித்ததற்கு அவளுக்கு நன்றி சொன்னேன். “என்னக்கா பெரிய வார்த்தையெல்லாம்,” என்று கூச்சப்பட்டாள்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவள் படித்தாள். மறுபடி ஒரு தரம் படித்தாள்.

“அழகாத்தான இருந்துச்சு,” என்றாள் கடைசியில். “எனக்கும்தான் அதக் கட்டப் பிடிச்சிருந்துச்சு. ஆனா நீங்க மாட்டியிருக்கணும்.”

“ஆமா.”

“ஆமா,” என்று அவளும் சொன்னாள். அதோடு அதை விட்டுவிட்டோம். அவள் மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது, கதைக்காக மன்னித்தாள் என்று எழுதவும் போவதில்லை.

8

இன்று முப்பத்து மூன்று வாரமும் இரண்டு நாளும்.

காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஒன்பது மணிக்குள் இரண்டு தரம் இறுகியது, பிறகு மத்தியானம் வரை ஒன்றுமில்லை. நாலு மணிக்குப் பிள்ளைக்கு விக்கல். நான் வரும்போது நைட்டி சீராகத் துள்ளிக்கொண்டிருந்தது. நாகஜோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு இறுகும் என்று வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் மட்டும் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரியும் எட்டிப் பார்த்தாள். சோலையம்மாள் துண்டை எடுத்து வயிற்றின் மேல் போட்டாள், கண் படும் என்று. துண்டும் துள்ளியது. பிறக்காத ஒருவருக்கு விக்கல் எடுப்பதை நாங்கள் நாலு பேரும் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“முடிவுக்கு என்னதான் எழுதட்டும்?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு உள்ளத மட்டும் எழுதுங்க அக்கா. நாளைக்கு உள்ளத நாளைக்குப் பார்ப்போம்.”

எனவே, வாசகரே, எனக்கு முக்கியம் என்று சொன்ன கேள்விக்கு வந்துவிட்டேன். இதை நீங்கள் எந்த மாதத்தில் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. எப்போது படித்தாலும் அதற்குள் இது ஏதோ ஒரு வழியில் முடிந்திருக்கும். உங்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும், எனக்கு இருக்கிற அளவுக்கு. நான் சொல்லப்போவதில்லை. அதை உங்களிடமே விடுகிறேன், ஒரே ஒரு வேண்டுகோளோடு. மனசுக்குள் இந்தக் கதையை உடனே முடித்துவிடாதீர்கள். முடிந்த மட்டும் கையில் வைத்திருங்கள். இன்னும் ஒரு நாள், முடிந்தால் இன்னும் ஒரு வாரம். நீங்கள் வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த நுரையீரலுக்கு ஆகும்.

இப்போது மணி நாலு ஐம்பது. வெளியே கேட்டருகில் ஜெயபாண்டி இளநீரோடு நிற்கிறான். நாகஜோதி இடப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். விக்கல் நின்றுவிட்டது. பிள்ளை உள்ளேதான் இருக்கிறது.